போர்ஷே 911 (996, 997) எக்ஸாஸ்ட் மாற்றும்போது கூடவே முடிக்க வேண்டிய பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் 996 கரேரா (1997–2005), முதல் தலைமுறை 997 கரேரா (2004–2008) ஆகிய வண்டிகளுக்கானவை. இரண்டிலும் இருப்பது தண்ணீரில் குளிரும் எம்96, எம்97 வகை ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின். டர்போ, ஜிடி3 வண்டிகளின் எஞ்சின் வேறு. 2009 மாடலில் வந்த இரண்டாம் தலைமுறை 997இன் எஞ்சினும் வேறு. அவற்றுக்கு இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சைலன்சரை மட்டும் மாற்றினால் போதாதா? கூடவே மற்ற வேலைகள் எதற்கு?

911இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் ஸ்பார்க் பிளக்கும் அதற்கு மின்பொறி தரும் காயிலும் எஞ்சினின் மேலே கிடையாது, இரண்டு பக்கவாட்டிலும் தாழ்வாக இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஹெடர் (சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே கொண்டுவரும் குழாய்), பின் மூலைகளில் சைலன்சர்கள். எல்லாம் பூட்டியிருக்கும்போது சில பிளக்குகளுக்குக் கையை நுழைப்பதே பெரும்பாடு. சைலன்சர்கள் இறங்கிவிட்டால் அதே பிளக் கண்ணெதிரே இருக்கும்.

கைக்கூலிக் கணக்கும் இதைத்தான் சொல்லும். ஒரு பிளக் செட்டுக்காகவோ ஒரு சென்சாருக்காகவோ ஆறு மாதம் கழித்துத் துருப்பிடித்த அதே நட்டுகளை மறுபடி கழற்றுவது பணத்துக்கும் நஷ்டம், நட்டுகளுக்கும் ஆபத்து.

வேலை தொடங்குமுன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

ஹெடரையும் கழற்றுவதாக இருந்தால் புதிய எம்8 ஹெடர் போல்ட் 12 (பக்கத்துக்கு 6), ஹெடர் கேஸ்கட் 2, கன்வர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) இணைப்புக்கான கேஸ்கட்டும் போல்ட் நட்டும், சைலன்சர் ஸ்லீவ் கிளாம்ப் 2. பழைய கிளாம்ப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒருமுறை இறுகிய வடிவத்திலேயே நின்றுவிட்டதால் புதிய குழாயைச் சுற்றிச் சமமாகப் பிடிக்காது.

இவற்றோடு ஸ்பார்க் பிளக் 6, பிளக் குழாய்களுக்கான ஓ-ரிங் செட், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை), துரு இளக்கும் எண்ணெய். காயில் ஆறையும் முன்கூட்டியே வாங்க வேண்டாம். கழற்றிப் பார்த்து முடிவெடுக்கலாம். எஞ்சின் மவுண்ட் மட்டும் சந்தேகம் இருந்தால் முதலிலேயே வாங்கிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

கருவிகளில் தவறக் கூடாதவை: பிளக்குக்கு 16 மி.மீ. சாக்கெட், அதோடு நீளம் குறைந்த எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும். ஆக்சிஜன் சென்சாருக்குப் பக்கவாட்டில் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட், காயில் திருகுக்கு 5 மி.மீ. ஆலன் கீ, சிறிய அளவுகளையும் சரியாகக் காட்டும் டார்க் ரெஞ்ச். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்திவிட்டுக் கீழே போகவே கூடாது. நான்கு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்து, உலுக்கிப் பார்த்த பிறகு படுங்கள்.

ஹெடர் போல்ட் உடைவது பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஏன் உடைகிறது? எப்படித் தவிர்ப்பது?

பயம் நியாயமானதே. எஃகு போல்ட் அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் மரையேறி நிற்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடாகி ஆறுகிறது. அடியிலிருந்து தெறிக்கும் தண்ணீர் போல்ட்டின் தலையையும் கழுத்தையும் அரித்துக்கொண்டே போகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கழுத்து மெலிந்து, தலை வட்டமாகிவிடும். அந்த நிலையில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் தலை கையோடு வந்துவிடும்.

வேலைக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே தினம் ஒருமுறை, வண்டி ஆறியிருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். வேலை நாளன்று எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, தொட்டால் சுடாத இளஞ்சூட்டுக்கு வரவிடுங்கள். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரிவதால் அந்தச் சூட்டில் மரையின் பிடி சற்றுத் தளரும். போல்ட் தலையைக் கம்பி பிரஷால் தேய்த்து, சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி முழுதாக உட்கார வையுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு, பிறகு தளர்த்தும் பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்கும் பக்கம் சிறிது, மீண்டும் எண்ணெய். "கிரீச்" என்ற சத்தம் கேட்கும்வரை நல்லது. சத்தமே இல்லாமல் பிசினைத் திருப்புவது போல இழுபட்டால் போல்ட் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

நிறுத்தியும் உடைந்துவிட்டது. இனி?

முதலில் ஹெடரை எடுத்துவிட்டு, போல்ட் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவதே சிறந்த வழி. வெல்டிங் சூடும் சேர்ந்து மரையை இளக்கிவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்ற மறக்காதீர்கள்.

ஹெட்டின் மட்டத்துக்கே உடைந்திருந்தால் துளையிடத்தான் வேண்டும். இங்கேதான் பலர் ஹெட்டைக் கெடுக்கிறார்கள். எஃகு கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மென்மை. டிரில் பிட் நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் அலுமினியத்துக்குள் நழுவி ஓடும். ஆகவே வெறுங்கையால் குறிபார்த்துத் துளையிட வேண்டாம். ஹெடர் ஃபிளாஞ்சின் துளைகளையே பிடித்துக்கொண்டு பிட்டை நடுவில் வைத்திருக்கும் வழிகாட்டி ஜிக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சிறிய இடது சுழற்சி பிட்டில் தொடங்கினால், பாதித் துளையிலேயே போல்ட் தானாகக் கழன்று வருவதும் உண்டு. வராவிட்டால் 6.8 மி.மீ. வரை பெரிதாக்கி எம்8 மரையை மறுபடி அடிக்கலாம். மரை போய்விட்டால் எஃகு மரை உறை போடுவதுதான் வழி. அது அசல் மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

உடைந்த போல்ட்டுக்குள் முறுக்கி எடுக்கும் ஈசி-அவுட் கருவியை இந்த இடத்தில் பரிந்துரைக்க மாட்டோம். அது உள்ளே உடைந்தால், எந்த பிட்டும் வெட்டாத கடின எஃகு ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஓர் ஆலோசனை: ஹெடரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், கேஸ்கட் கசிவும் இல்லையென்றால், அந்த 12 போல்ட்டுகளைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம். சைலன்சர் மட்டும் மாற்ற அவற்றைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை.

புதிய போல்ட்டை எவ்வளவு இறுக்குவது?

23 நியூட்டன் மீட்டர். நடுப் போர்ட்டிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் போங்கள். முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாம் சுற்றில் முழு அளவு. மரையில் நிக்கல் ஆன்டி-சீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். வழுக்கல் கூடிய மரையில் அதே அளவு டார்க்கே கூடுதல் இழுவிசை தரும் என்பதால் 23ஐத் தாண்டி "இன்னும் ஒரு இழுப்பு" வேண்டாம். வேறு நிறுவனத் தயாரிப்பான ஹெடர் என்றால், முதல் இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு, ஆறிய நிலையில் மறுபடி சரிபாருங்கள்.

ஸ்பார்க் பிளக்கை இப்போதே மாற்றிவிடலாமா?

மாற்றி 4 ஆண்டோ 60,000 கி.மீ.யோ ஆகியிருந்தால் கட்டாயம். ஆகாவிட்டாலும் கழற்றிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பிளக் துளை வழியாகச் செய்யக்கூடிய இன்னொரு சோதனை இருக்கிறது. அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். முதலில் காயிலின் கனெக்டர், பிறகு 5 மி.மீ. ஆலன் திருகுகள், பிறகு காயில். பிளக் துளையைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். புதிய பிளக்கைக் கையால், எக்ஸ்டென்ஷனை மட்டும் பிடித்து, மூன்று நான்கு சுற்றாவது மரையேற்றுங்கள். தொடக்கத்திலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது, பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள். இறுதி இறுக்கம் 30 நியூட்டன் மீட்டர், காயில் திருகு 10. பல பக்க எலக்ட்ரோடு உள்ள பிளக்கில் இடைவெளியைத் தட்டிச் சரிசெய்யக் கூடாது. பெட்டியிலிருந்து வருவது போலவே போடுங்கள்.

கழற்றிய பிளக்குகளை 1 முதல் 6 வரை வரிசையாக அட்டையில் குத்தி வையுங்கள். ஆறும் ஒரே மாதிரி வெளிர் பழுப்பாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் எண்ணெய் படிந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

காயில் உறையில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட்டின் சூடும் சக்கரம் தெறிக்கும் தண்ணீரும் மாறி மாறிப் படுவதால் இந்த வண்டிகளில் அது சாதாரணம். மழைநாளில் மட்டும் எஞ்சின் தட்டுத்தடுமாறி, பி0300 முதல் பி0306 வரை ஏதாவது பிழைக்குறி வந்திருந்தால் முதல் சந்தேகம் இந்த வெடிப்புதான். இரண்டு காயில் வெடித்திருந்தால் ஆறையும் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயது, ஒரே சூடு தின்றவை.

பிளக் குழிக்குள் எண்ணெய் நிற்கிறது. எஞ்சினே போய்விட்டதா?

இல்லை. பிளக் ஒவ்வொன்றும் வால்வ் கவரைத் துளைத்துச் செல்லும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கிறது. குழாயின் ஓ-ரிங்குகள் சூட்டில் காய்ந்து விறைத்துவிட்டால் எண்ணெய் குழிக்குள் கசியும், வெளியே வழிந்து சூடான ஹெடரில் சொட்டிப் புகையும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னாலிருந்து எண்ணெய் கருகும் வாடை வந்தால் பெரும்பாலும் இதுதான்.

எஞ்சினைக் கழற்றாமல், வால்வ் கவரைத் திறக்காமல் குழாயை வெளியே இழுத்துவிடலாம். உட்புறமாக விரிந்து பிடிக்கும் இழுப்பான் வேண்டும். இடுக்கியால் விளிம்பைப் பிடித்து இழுத்தால் காய்ந்த பிளாஸ்டிக் நொறுங்கும், துண்டுகள் உள்ளே விழும். புதிய ஓ-ரிங்கில் எஞ்சின் எண்ணெய் தடவி, குழாயை நேராக அழுத்தி உட்கார வையுங்கள். கசிவு ஒன்றில் தெரிந்தாலும் ஆறுக்கும் போடுங்கள். பொருளின் விலை சொற்பம், எட்டிப் பிடிப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டம் இன்று இல்லை.

பிளக் துளை வழியாக எதைச் சோதிப்பது?

சிலிண்டர் சுவரை. இந்த எஞ்சின்களில், குறிப்பாக 3.6, 3.8 லிட்டர் அளவுகளில், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே கீறல் விழுவது தெரிந்த நோய். வலப்பக்கத்துச் சிலிண்டர்களான 4, 5, 6இல் அது அதிகம் தென்படுகிறது. புதிய எக்ஸாஸ்ட்டுக்குப் பெரும் பணம் போடுமுன் எஞ்சினின் நிலையைத் தெரிந்துகொள்வது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

பக்கவாட்டில் பார்க்கும் கண்ணாடியோ வளையும் முனையோ உள்ள போர்ஸ்கோப் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) வேண்டும். பிஸ்டனை அதன் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்து சுவரைச் சுற்றிலும் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத அளவு மெல்லிய கோடுகள் ஓடிய எஞ்சினில் இருக்கவே செய்யும். மேலிருந்து கீழாகக் கறுத்த, அகலமான பட்டைகள் தெரிந்தால் அதுதான் கீறல். பிளக் துளையிலிருந்து சுவர் முழுவதும் தெரியாது என்பதால், சந்தேகம் இருந்தால் ஆயில் பேனை இறக்கிக் கீழிருந்தும் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்தே கிடைக்கும் குறிப்புகளும் உண்டு: ஒரு பக்க வால்குழாயில் மட்டும் கறுப்புக் கரி அதிகமாகப் படிவது, எண்ணெய் குறையும் வேகம் கூடுவது, ஆறிய எஞ்சினில் தாளம் போலத் தட்டும் சத்தம். பழைய சைலன்சரைத் தூக்கிப் போடுமுன் இரண்டு பக்கத்தின் உட்புறத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஒப்பிடுங்கள்.

எஞ்சின் மவுண்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பல கார்களில் சைலன்சர் ரப்பர் வளையத்தில் பாடியிலிருந்து தொங்கும். இதில் அப்படியில்லை. சைலன்சர்கள் பிராக்கெட் மூலம் எஞ்சினோடு சேர்த்தே பூட்டப்பட்டிருக்கின்றன. எஞ்சின் இறங்கினால் வால்குழாயும் இறங்கும்.

பின்னால் இருக்கும் இரண்டு ஹைட்ராலிக் மவுண்டுகளும் வயதாகித் திரவம் கசிந்தால் எஞ்சின் சில மி.மீ. தாழும். பம்பர் துளைக்குள் வால்குழாய் நடுவில் இல்லாமல் கீழ் விளிம்பை நெருங்கி நிற்பது அதன் அடையாளம். கியர் மாற்றும்போது பின்னால் ஒரு தள்ளாட்டம், நின்ற நிலையில் அதிர்வு, மவுண்டைச் சுற்றி எண்ணெய்க் கறை ஆகியவையும் சேர்ந்து வரும்.

இங்கே வரிசை மிக முக்கியம். தாழ்ந்த மவுண்டின்மேல் புதிய எக்ஸாஸ்ட்டைப் பூட்டி, வால்குழாயை அழகாக நடுவில் வைத்து இறுக்கிவிட்டு, அடுத்த ஆண்டு மவுண்டை மாற்றினால் எஞ்சின் மேலே எழும்பி வால்குழாய் பம்பரின் மேல் விளிம்பைத் தொடும். பெயின்ட் கருகும், பம்பர் உருகும். மவுண்ட் முதலில், எக்ஸாஸ்ட் சரிசெய்வது பிறகு. மாற்றும்போது எஞ்சினைக் கனமான மரக்கட்டை வைத்துத் தாங்குங்கள். மெல்லிய ஆயில் பேன் மூடியில் ஜாக்கியை வைக்க வேண்டாம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

ஆக்சிஜன் சென்சார் நான்கையும் மாற்ற வேண்டுமா?

கன்வர்ட்டருக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒரு லட்சம் கி.மீ. கடந்திருந்தால் முன்னால் உள்ள இரண்டையும் மாற்றலாம், எரிபொருள் கலவையைத் தீர்மானிப்பவை அவையே. பின்னால் உள்ளவை நன்றாக வேலை செய்தால் அவற்றையே மறுபடி பூட்டுங்கள்.

கழற்றுமுன் கனெக்டரைப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் சென்சாரோடு ஒயரும் முறுக்கிக்கொள்ளும். நான்கிலும் டேப் ஒட்டி இடது, வலது, முன், பின் என்று எழுதுங்கள். மரை எம்18, இறுக்கம் 50 நியூட்டன் மீட்டர் வாக்கில். ஆன்டி-சீஸ் மரையில் மட்டும், முனையின் துளைகளில் படக்கூடாது. பக்கத்தில் எங்கும் சிலிகான் சீலன்ட் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும்.

அடியில் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ரப்பர் உறைகளை முதலில் பாருங்கள். எக்ஸாஸ்ட் வெப்பத்தில் காய்ந்து மடிப்புகளில் வெடிக்கும். ஹீட் ஷீல்டில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் வெடித்தாயிற்று. சீக்கிரம் பார்த்தால் புதிய உறையும் கிரீஸும் போதும், தள்ளிப்போட்டால் ஜாயின்ட்டே போகும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரமா என்று விரலால் தொடுங்கள். லேசான கசிவு என்றால் துடைத்துவிட்டுக் கண்காணிக்கலாம். சொட்டினால் கிராங்க்ஷாஃப்ட் பின் சீல் பக்கம் வேலை இருக்கிறது.

கூலன்ட் ஹோஸ் முனைகளில் வெளிறிய உப்புப் பொருக்கு, ஹீட் ஷீல்டுகளின் துருப்பிடித்த எம்6 நட்டுகள், ஒயரிங் உறை சூட்டில் நொறுங்கியிருப்பது ஆகியவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். தளர்ந்த ஹீட் ஷீல்ட் புதிய எக்ஸாஸ்ட்டின் சத்தத்தோடு சேர்ந்து தகரம் போல அதிரும். எக்ஸாஸ்ட் பழுதென்று நினைத்துப் பலர் அலைவது இதனால்தான். வால்வ் வைத்த ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் என்றால் அதன் வாக்குவம் குழாய்களையும் இழுத்துப் பார்த்து, சூடான குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

எண்ணெயையும் மாற்றிவிடலாமா?

மாற்றலாம், 8 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வடிகால் திருகு 50, ஃபில்டர் கிண்ணம் 25 நியூட்டன் மீட்டர். அதைவிடப் பயனுள்ளது, பழைய ஃபில்டரின் காகித மடிப்பை வெட்டி விரித்துப் பார்ப்பது. பளபளக்கும் உலோகத் துகள் காந்தத்தில் ஒட்டினால் எக்ஸாஸ்ட் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றுவதாக இருந்தால் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிகால் திருகைத் திறக்கவும். வடித்துவிட்டு நிரப்ப முடியாமல் நின்றால் வண்டி நகராது.

ஐஎம்எஸ் (எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டு) பேரிங்கையும் சேர்த்துச் செய்யலாமா?

அதற்குக் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், எக்ஸாஸ்ட் இறங்குவது மட்டும் போதாது. கிளட்ச் மாற்றும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2006க்குப் பிந்தைய பெரிய பேரிங்கை எஞ்சினைப் பிளக்காமல் எடுக்க முடியாது.

கன்வர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடலாமா?

வேண்டாம். பி0420, பி0430 குறிகள் வந்து எஞ்சின் விளக்கு எரியும் என்பது சிறிய தொல்லை. ஜெர்மனியில் வண்டியின் இயக்க அனுமதியே போய்விடும். இந்தியாவில் தயாரிப்பாளர் அளித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இதெல்லாம் போக, பின்னால் வரும் பைக்காரர் அந்தப் புகையை நேராகச் சுவாசிக்கிறார். சத்தம் வேண்டுமென்றால் சைலன்சரில் தேடுங்கள், கன்வர்ட்டரை விட்டுவிடுங்கள்.

பூட்டும் வரிசை என்ன? கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வந்து, வால்குழாயின் இடத்தைச் சரிசெய்து, கடைசியாக ஸ்லீவ் கிளாம்ப்பை இறுக்குங்கள். வால்குழாய்க்கும் பம்பருக்கும் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். கிளாம்ப் போல்ட்டின் முனை பக்கத்துப் பொருளில் இடிக்காதபடி திருப்பி வையுங்கள், அடுத்த முறை ஸ்பேனர் போகும்படியும் இருக்க வேண்டும்.

எஞ்சினை இயக்குமுன், காற்றை வெளியே தள்ளும் வாக்குவம் கிளீனரை ஒரு வால்குழாயில் வைத்து மற்றதைத் துணியால் அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம் கசிவு. சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரிபொருள் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும், கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். ஆகவே அங்கே சிறு கசிவையும் விடக்கூடாது.

ஸ்டெயின்லெஸ் குழாயில் பட்ட கைரேகையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே முதல்முறை இயக்குங்கள். சூடானால் ரேகை அப்படியே பதிந்துவிடும், பிறகு போகாது. முதல் 15, 20 நிமிடம் லேசாகப் புகை வரும். தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் எரிவதுதான் அது. திறந்தவெளியில் ஓடவிடுங்கள். புகை அடங்கியதும் எஞ்சினை நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, எல்லாக் கிளாம்ப்பையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு வண்டியைச் சாலைக்கு எடுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.